கத்திரி வர்றதுக்குள்ள மொட்டை மாடிக்கு என்ன செய்யலாம்? (காட்பாடி, 22 வருஷ வீடு)

ரியாத் ரிட்டர்ன் | பிப்ரவரி 16, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். பதினாலு வருஷம் ரியாத்ல குப்பை கொட்டிட்டு போன ஆடில ஊருக்கே வந்துட்டேன். காட்பாடி காந்தி நகர் பக்கம் 22 வருஷத்து வீடு ஒண்ணு வாங்கியிருக்கேன். தரை தளம், மேல ஒரு மாடி, அதுக்கு மேல மொட்டை மாடி. மேல இருக்கிற பெட்ரூம் ரெண்டும் மேற்குப் பக்கம்.

அங்க லீவு கிடைக்கிறப்ப எல்லாம் ஜூலைலதான் வருவேன், அதனால வேலூர் மே மாசத்தைப் பாத்தே பதினஞ்சு வருஷம் ஆச்சு. 47 டிகிரி பாத்தவனுக்கு 42 என்ன பெரிய விஷயம்னு நான் சொல்றேன். அம்மா சிரிக்கிறாங்க. தெர்மாக்கோல் வச்சு ஃபால்ஸ் சீலிங் அடிச்சிட்டு ரெண்டு ஏசி மாட்டிட்டா வேலை முடிஞ்சிடுமா? கூல் டைல்ஸ், கூல் பெயிண்ட், சுண்ணாம்புன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அடிச்சு அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

சத்துவாச்சாரி மாடிவீட்டுக்காரி | பிப்ரவரி 16, இரவு 10:25

அம்மா சரியாத்தான் சிரிக்கிறாங்க.

உங்க ரியாத் வீட்டுச் சுவர்ல நடுவுல தெர்மாக்கோல் வச்ச பிளாக் இருந்திருக்கும். ஏசி நாள் பூரா ஓடியிருக்கும், கரண்ட் போயிருக்காது. இங்க தலைக்கு மேல அஞ்சு அங்குல கான்கிரீட், அவ்வளவுதான். பகல் பூரா வெயிலைக் குடிச்சிட்டு ராத்திரி எட்டு மணிக்கு மேல உள்ள கக்கும். மதியத்தைக்கூட தாங்கிடலாம், அந்த எட்டுலேர்ந்து பன்னண்டு வரைக்கும்தான் நரகம். ஃபேன் போட்டா சீலிங்ல நிக்கிற அனலைக் கீழ தள்ளும். சுவத்துல கை வச்சுப் பாருங்க, இட்லிப் பானை மாதிரி இருக்கும். எங்க வீட்டுக்குப் பின்னாடி மலை வேற. மொட்டைப் பாறை, அதுவும் ராத்திரி பூரா சூடு விட்டுக்கிட்டே இருக்கும்.

ஃபால்ஸ் சீலிங்கை அப்புறம் யோசிங்க. சூடு தளத்துக்குள்ள இறங்கின பிறகு கீழ தடுக்கிறதைவிட, இறங்கவே விடாம மேலயே திருப்பி அனுப்பறதுதான் சுலபம், மலிவும்கூட. நான் ஆறு வருஷமா சுண்ணாம்புதான் அடிக்கிறேன்.

மேஸ்திரி மகன், குடியாத்தம் | பிப்ரவரி 17, காலை 6:50

அக்கா சொல்றது சரி. ஆனா சுண்ணாம்புக்கு முன்னாடி விரிசலைப் பாருங்க சார். 22 வருஷத் தளம்னா கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற மூலைல கண்டிப்பா கோடு விட்டிருக்கும். பகல்ல தளம் விரியும், ராத்திரி சுருங்கும், தினமும் இதே கதை. அந்த இடத்துல வெறும் சிமெண்ட் பால் ஊத்தினா அடுத்த சித்திரைல அதே கோடு திரும்ப வரும். ரப்பர் மாதிரி இழுத்துக் கொடுக்கிற ஃபில்லர்தான் நிக்கும். விரிசலை முதல்ல ‘வி’ மாதிரி கீறி, தூசியை ஊதிட்டு அடைக்கணும்.

கூல் டைல்ஸ் நல்ல பொருள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனா எடையைக் கணக்குப் போட்டுப் பாத்தீங்களா? ஆயிரம் சதுர அடிக்கு ஒரு அங்குலக் கலவை போட்டாலே கிட்டத்தட்ட அஞ்சு டன். டைல் எடை தனி. ஏற்கெனவே செங்கல் ஜல்லி போட்டு தட்டு ஓடு பதிச்ச தளமா இருந்தா அதுமேல இன்னொரு அஞ்சு டன் ஏத்துறதுக்கு முன்னாடி இன்ஜினியர் ஒருத்தரைக் கூப்பிட்டுக் காட்டுங்க. ‘ஒண்ணும் ஆகாது சார்’னு சொல்ற டைல்ஸ்காரர் பேச்சைக் கேக்காதீங்க.

ரியாத் ரிட்டர்ன் | பிப்ரவரி 17, காலை 8:15

மேல தட்டு ஓடுதான் இருக்கு. நாலஞ்சு இடத்துல ஓட்டுக்கு நடுவுல புல்லு முளைச்சிருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் சாயங்காலம் ஹோஸ் பைப் வச்சு மாடிக்குத் தண்ணி அடிக்கிறாரு, ஜில்லுனு இருக்குங்கறாரே?

மேஸ்திரி மகன், குடியாத்தம் | பிப்ரவரி 17, காலை 8:40

புல்லு முளைச்சிருக்குன்னா தண்ணி உள்ள போக வழி இருக்குன்னு அர்த்தம். பிடுங்கினா வேர் உள்ளயே நின்னுடும். அந்தச் சந்தைச் சுரண்டிட்டு மறுபடி பாயிண்டிங் பண்ணுங்க. அரச மரக் கன்னு இருந்தா இன்னிக்கே எடுங்க, நாளைக்கின்னு வைக்காதீங்க. காஞ்சு கொதிக்கிற தளத்துல திடீர்னு தண்ணி அடிச்சா விரிசல் இன்னும் வாய் திறக்கும். உங்க பக்கத்து வீட்டுக்காரருக்கு ஐப்பசில என் நம்பர் தேவைப்படும்.

கொசப்பேட்டை பெருசு | பிப்ரவரி 17, மதியம் 3:05

தட்டு ஓடுன்னு சொன்னதும் ஞாபகம் வந்திடுச்சி. எங்க அப்பா வீடு கட்டும்போது நான் அஞ்சாவது படிச்சிகினு இருந்தேன். தேக்கு உத்திரம், மேல செங்கல்லை நிக்க வச்சி மெட்ராஸ் டெரஸ். அதுமேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பத்துப் பன்னண்டு பொம்பளைங்க வரிசையா குந்திகினு மரக் கட்டையால தட்டுவாங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, கட்டை பட்டா எகிறி வர்ற வரைக்கும். நடுநடுவுல கடுக்காயும் வெல்லமும் ஊற வச்ச தண்ணியைத் தெளிப்பாங்க. அந்த வாசனைக்கு எறும்பு வருமேன்னு எங்க பாட்டி திட்டிகினு இருக்கும். அந்தத் தளத்துக்குக் கீழ இன்னிக்கும் ஏசி இல்லாம தூங்கறேன். தளம் கனமா இருக்கறதால சூடு கீழ வர்றதுக்குள்ள விடிஞ்சிடும், அதான் சூட்சுமம்.

வேலூரைப் பத்தி ஒரு சொலவடை உண்டு தெரியுமா? தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்னு போகும். சாமி 1981ல திரும்பி வந்துடிச்சி, ஜலகண்டேஸ்வரரை சத்துவாச்சாரிலேர்ந்து கோட்டைக்கே கொண்டாந்து வச்சாங்க. மலைக்கு மரம்தான் இன்னும் வரல. மேற்குப் பக்கம் எடமிருந்தா ஒரு புங்கங்கன்னு வை தம்பி. ஏசி வாங்கற காசுல பத்து கன்னு வைக்கலாம்.

பீனிக்ஸ் ஆற்காட்டான் | பிப்ரவரி 18, காலை 7:30

ஆற்காட்டுக்காரன், இப்ப அரிசோனாவுல இருக்கேன். இது நிஜப் பாலைவனம். 2023ல பீனிக்ஸ்ல தொடர்ந்து 31 நாள் 110 ஃபாரன்ஹீட்டுக்கு மேல போச்சு, நம்ம கணக்குல 43 டிகிரி. இங்க தட்டை மாடி இருக்கிற வீட்டுல எல்லாம் வெள்ளை ரப்பர் கோட்டிங் அடிச்சு வச்சிருப்பாங்க, சில வருஷத்துக்கு ஒரு தடவை மேல இன்னொரு கோட்டு. பாலைவனத்துல கூரை வெள்ளைதான், அதுல யாருக்கும் சந்தேகம் இல்ல.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. இங்க வருஷத்துக்கே 180 மில்லிமீட்டர்தான் மழை. வேலூர்ல ஆயிரத்தை ஒட்டி வரும். ரியாத்துக்காரர் மனசுல இருக்கிறது மழையே பாக்காத வீடு. அங்க செஞ்சதை அப்படியே கொண்டுவந்தா நவம்பர்ல மாட்டிக்குவீங்க.

இங்க பழைய வீட்டுல ஈரத்தட்டை வச்ச ‘ஸ்வாம்ப் கூலர்’ ஓடும், நம்ம ஏர் கூலர்தான் அது. ஜூன் பாதி வரைக்கும் நல்லா இருக்கும், அப்புறம் இங்கயும் ஒரு மழை சீசன் வரும், காத்துல ஈரம் ஏறினதும் கூலர் வெறும் ஃபேன் ஆயிடும்.

இன்னொரு விஷயம். இங்க தேள் ஜாஸ்தி. புற ஊதா டார்ச் ஒண்ணு வச்சிருப்போம். இருட்டுல அடிச்சா தேள் பச்சையா பளபளன்னு மின்னும். சத்துவாச்சாரி அக்கா மாதிரி மலையடிவாரத்துல இருக்கிறவங்க ஒண்ணு வாங்கி வைங்க.

சத்துவாச்சாரி மாடிவீட்டுக்காரி | பிப்ரவரி 18, காலை 9:10

டார்ச் வாங்கிட்டேன் தம்பி. 😄 போன வருஷம் துவைக்கிற கல்லுக்கு அடில ரெண்டு இருந்துச்சு. வெயில் காலத்துல எல்லாம் ஈரம் தேடி வரும். பாத்ரூம் ஜாலிக்கு வலை போடுங்க, வாசல்ல கழட்டிப் போட்ட செருப்பைத் தட்டிட்டுப் போடுங்க. கொட்டிட்டா பத்து, மந்திரிப்புன்னு அலையாம நேரா ஜிஎச் போயிடுங்க, அதுவும் குழந்தைன்னா ஒரு நிமிஷம்கூட தாமதிக்கக் கூடாது.

உப்புத்தண்ணி, வாணியம்பாடி | பிப்ரவரி 18, இரவு 8:20

எல்லாரும் வெயிலைப் பத்தியே பேசறீங்க. நம்ம பக்கம் வீட்டைத் தின்றது தண்ணிதான். பாலாத்துப் பக்கத்து போர்த் தண்ணி எப்படி இருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. தோல் பதனிடற கழிவு விஷயமா வேலூர்க்காரங்க போட்ட கேஸ்ல 1996லயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லிச்சு. தீர்ப்பு வந்துச்சு, நிலத்தடித் தண்ணி பழையபடி ஆகல.

ஏர் கூலர் வாங்கினா போர்த் தண்ணி ஊத்தாதீங்க. தண்ணி ஆவியாயிடும், உப்பு போகாது. மூணே வாரத்துல தேன்கூட்டு பேட் ஓரமெல்லாம் வெள்ளையா கல்லு கட்டிக்கும், காத்தே வராது. காவிரித் தண்ணி வர்ற நாள்ல பிடிச்சு வச்சு அதை ஊத்துங்க. அதுவும் இல்லைன்னா மூணு நாளைக்கு ஒரு தடவை அடித் தண்ணியை முழுசா திறந்துவிட்டுப் புதுசா நிரப்புங்க. இதுல கொசு விஷயமும் இருக்கு. டெங்கு கொசு முட்டைலேர்ந்து பறக்கிற வரைக்கும் வர ஒரு வாரம் பத்து நாள் போதும். மாநகராட்சிக்காரங்க கூலரைத்தான் முதல்ல திறந்து பாப்பாங்க.

பேட்ல, ஷவர்ல, குழாய்ல கட்டின கல்லுக்கு எலுமிச்சை உப்பு. வாளிச் சுடுதண்ணில ரெண்டு கைப்பிடி போட்டு ராத்திரி ஊற வைங்க, காலைல பல்லு விளக்கற பிரஷ்ஷால தேச்சா உதிர்ந்துடும். ஆசிட் ஊத்தாதீங்க, குரோம் பூச்சு போயிடும்.

தண்ணில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டற டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு வாங்கி போர்த் தண்ணியை நீங்களே பாத்துக்குங்க. குடிக்கிற தண்ணிக்கு 500ஐத் தாண்டக் கூடாது, வேற வழியே இல்லைன்னா 2000 வரைக்கும்னு அரசு அளவு. எங்க தெருவுல இந்த ரெண்டாவது அளவையும் தாண்டும்.

ரியாத் ரிட்டர்ன் | பிப்ரவரி 18, இரவு 9:00

தண்ணின்னதும் ஞாபகம் வருது. ரியாத்ல கோடைல மொட்டை மாடித் தொட்டித் தண்ணி கொதிக்கும். நாங்க கீசரை ஆஃப் பண்ணிட்டு அதுக்குள்ள ஆறிப்போன தண்ணிலதான் குளிப்போம். ‘சூடு’ன்னு போட்ட குழாய்ல ஜில்லுனு வரும், ‘குளிர்’னு போட்ட குழாய்ல கை வைக்க முடியாது. புதுசா வர்றவன் அலறுவான்.

உப்புத்தண்ணி, வாணியம்பாடி | பிப்ரவரி 18, இரவு 9:12

இங்கயும் அதையே செய்யுங்க, கீசருக்குள்ள கட்டின கல்லைச் சுரண்டிட்டு. 😄 கருப்பு சின்டெக்ஸ்னா சுத்தி ஈரச் சாக்கு, மேல தென்னங்கீத்து. எங்க வீட்டுல நாலு கால் நட்டு பச்சை வலை போட்டிருக்கேன். விடியக்காலைல மோட்டர் போட்டு ஏத்துங்க, மதியம் ஏத்தாதீங்க.

பாகாயம் வயர்மேன் | பிப்ரவரி 19, காலை 6:15

சுருக்கமா சொல்லிடறேன், ட்யூட்டிக்குப் போகணும். ஃபேன் மெதுவா சுத்தினா மொத்த ஃபேனையும் மாத்தாதீங்க, முதல்ல கெபாசிட்டர். பெரும்பாலும் 2.5 மைக்ரோ. அப்படியே மாத்தறதா இருந்தா பிஎல்டிசி வாங்குங்க, பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், இது 30 சொச்சம்தான். மே மாசம் ராத்திரி பூரா நாலு ஃபேன் ஓடும்போது பில்லுல தெரியும். ஏசியோட வெளி யூனிட் மேற்குச் சுவர்ல வெயில்ல இருந்தா மேல ஒரு தகரச் சாய்ப்பு போடுங்க, ஆனா முன்னாடி காத்து போற வழியை அடைக்கக் கூடாது. 2020லேர்ந்து வர்ற ஏசி எல்லாம் ஆன் பண்ணினா 24லதான் நிக்கும், அதுலயே விடுங்க, கூட ஃபேனும் போடுங்க. இன்வெர்ட்டர் பேட்டரில டிஸ்டில்டு வாட்டர் வெயில் காலத்துல வேகமா குறையும், மாசம் ஒரு தடவை மூடியைத் திறந்து பாருங்க. ஆர்ஓ தண்ணி ஊத்தாதீங்க. ஊத்திட்டு ‘பேட்டரி மோசம்’னு என்கிட்ட வர்றவங்க நிறைய.

ரியாத் ரிட்டர்ன் | பிப்ரவரி 19, மதியம் 1:30

அக்கா, சுண்ணாம்பு எப்படிக் கலக்கறீங்கன்னு விவரமா சொல்லுங்க. தெரிஞ்ச ஒருத்தர் மூலமா வாட்டர் ப்ரூஃபிங் கம்பெனி ஒண்ணு வந்து பாத்துச்சு. பேரு வேணாம். பத்து வருஷ கேரண்டிங்கறாங்க, சொன்ன தொகைல ரெண்டு ஏசி வாங்கலாம்.

சத்துவாச்சாரி மாடிவீட்டுக்காரி | பிப்ரவரி 19, இரவு 8:45

கேரண்டி பேப்பர் என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. அதுல இருக்கிற நம்பர் ரெண்டாவது மழைக்கு ஸ்விட்ச் ஆஃப்.

சுண்ணாம்பு: கல்லு சுண்ணாம்பு வாங்குங்க, பொடி வேணாம். எங்க 900 சதுர அடிக்கு 20 கிலோ ஆச்சு. பெரிய பேரல்ல முதல்ல தண்ணி, அப்புறம் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமா போடணும், மாத்திச் செஞ்சா மூஞ்சில தெறிக்கும். போட்டதும் கொதிக்கும், புகை கிளம்பும். பிளாஸ்டிக் பேரல் அந்தச் சூட்டுல உருகிடும், தகரப் பேரல்தான். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்குங்க, பிள்ளைங்களை மாடிக்கே விடாதீங்க. கண்ணுல பட்டா விளையாட்டு இல்ல. ஒரு ராத்திரி அடங்கட்டும், ரெண்டு நாள் விட்டா இன்னும் நல்லது. பழைய வேட்டில வடிகட்டுங்க. நான் கொஞ்சம் பெவிகால் சேர்க்கிறேன், எங்க மாமியார் காலத்துல கஞ்சியும் உப்பும்.

தளத்தைக் கூட்டி, பாசியைத் தேச்சு, தண்ணி தெளிச்சு ஈரமா இருக்கும்போது சாயங்காலம் அடிங்க. மட்டை பிரஷ்ஷால குறுக்க ஒரு கோட்டு, மறுநாள் நெடுக்க ஒரு கோட்டு. உச்சி வெயில்ல அடிச்சா காஞ்சு பொடியா உதிரும், கால்ல ஒட்டிக்கிட்டு வீடெல்லாம் வெள்ளைத் தடம். மாசிக் கடைசில அடிச்சிட்டா சித்திரை, வைகாசிக்குத் தாங்கும். மழைல கரைஞ்சிடும், அடுத்த வருஷம் திரும்ப அடிக்கணும். அதனாலதான் மலிவு.

மேஸ்திரி மகன், குடியாத்தம் | பிப்ரவரி 19, இரவு 9:20

ஒரு சின்ன திருத்தம். மழைத் தண்ணி சேகரிப்புக் குழிக்கு மாடித் தண்ணி போகுதுன்னா முதல் ரெண்டு மழையை வெளிய திறந்துவிட்டுடுங்க. சுண்ணாம்பும் தூசியும் வடிகட்டி மணல்ல படிஞ்சு அடைச்சிக்கும். 2003லேயே எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சட்டம் வந்ததால குழி எல்லார்கிட்டயும் இருக்கு. மணலை மாத்தினவங்கதான் இல்ல.

ரியாத் ரிட்டர்ன் | மார்ச் 11, இரவு 10:05

அடிச்சாச்சு. விரிசல் அடைச்சது நாலு நாள், ஓட்டுச் சந்து ரெண்டு நாள், சுண்ணாம்பு ரெண்டு சாயங்காலம். பேரல்ல முதல் கல்லு விழுந்ததும் புஸ்ஸுனு ஒரு சத்தம், பத்து நிமிஷத்துல பக்கத்துல நிக்க முடியல. வடிகட்டினப்ப வேட்டில கடைசியா கோலி குண்டு மாதிரி வேகாத கல்லு ஒரு கைப்பிடி நின்னுச்சு, அதை அம்மா செடிக்குப் போடாதேன்னுட்டாங்க. அடிக்கும்போது ஏதோ கலங்கின மோர் மாதிரி நிறமே இல்லாம இருக்கும், ஏமாந்துட்டோமோன்னு நினைச்சேன். காலைல போய்ப் பாத்தா கண்ணு கூசுது, கூலிங் கிளாஸ் போட்டுட்டுத்தான் துணி காயப் போட முடியுது.

இப்ப புதுப் பிரச்சினை. மாடி இப்ப அம்மாவுக்கு ஆகல. வடகம் போடற சீசன், வேட்டிக்கு அடில சுண்ணாம்பு ஒட்டுதாம். சண்டை நடக்குது.

கொசப்பேட்டை பெருசு | மார்ச் 12, காலை 7:00

கயித்துக் கட்டில் போட்டு அதுமேல வேட்டி விரிச்சி வடகம் போடச் சொல்லு. காத்து கீழயும் போவும், சீக்கிரம் காயும். கத்தரிக்கா வத்தலும் போடச் சொல்லு, இலவம்பாடி முள்ளு கத்தரிக்கா சந்தைல வருது.

ரியாத் ரிட்டர்ன் | மே 17, இரவு 11:50

கத்திரி நடுவுல இருந்து எழுதறேன். அம்மா ஏன் சிரிச்சாங்கன்னு புரிஞ்சுது. ரியாத்ல வெயில் வெளிய இருந்துச்சு, நாங்க உள்ள இருந்தோம். இங்க ரெண்டும் ஒண்ணா இருக்கு.

மேல பெட்ரூம்ல தெர்மாமீட்டர் மாட்டியிருக்கேன். சுண்ணாம்பு அடிக்காத போர்ட்டிகோ மாடி ரூமைவிட ராத்திரி ஒன்பது மணிக்கு மூணு டிகிரி குறைவா காட்டுது. கேட்டா மூணுதானான்னு தோணும், ஆனா படுத்தா தெரியுது. ஏசி ஒண்ணுதான் வாங்கினேன். கூலர் ஹால்ல, ஜன்னலைத் திறந்து வச்சு. நேத்து சாயங்காலம் இடி மழை அரை மணி நேரம் கொட்டிச்சு, அப்புறம் பீனிக்ஸ்காரர் சொன்ன மாதிரியே கூலர் வெறும் ஃபேன், பாய் எல்லாம் பிசுபிசுன்னு. மழைக்கு அப்புறம் ஈசல் வேற. மறுநாள் பாத்தா பின்கதவு நிலைல கரையான் மண்கோடு.

மேஸ்திரி மகன், குடியாத்தம் | மே 18, காலை 6:30

கோட்டைச் சும்மா துடைச்சு விடாதீங்க, எங்க இருந்து ஏறுதுன்னு தரை வரைக்கும் பாத்துட்டு அங்க துளை போட்டு மருந்து வைக்கணும். ஆளைக் கூப்பிடுங்க. ஆடிக்கு முன்னாடி தகரச் சாய்ப்பு, பச்சை வலை, டிஷ் எல்லாத்துக்கும் போல்ட்டை முறுக்குங்க, காட்பாடி பக்கம் காத்து சும்மா விடாது. புரட்டாசி பிறந்ததும் மறக்காம வடிகுழாய் வாயைத் துணியால அடைச்சு மாடில ரெண்டு அங்குலம் தண்ணி தேக்கி ஒரு நாள் பூரா விடுங்க. கீழ சீலிங்ல எங்க ஈரம் பூக்குதுன்னு சாக்பீஸ்ல குறிச்சுக்குங்க. மழைல கண்டுபிடிக்கிறதைவிட அப்ப கண்டுபிடிச்சா நிதானமா அடைக்கலாம்.

ரியாத் ரிட்டர்ன் | நவம்பர் 9, காலை 10:20

தேக்கிப் பாத்தேன், அப்ப ஒண்ணும் பூக்கல. நேத்து ராத்திரி மழைல மட்டும் மேல பாத்ரூம் மூலைல சொட்டுது. விரிசல் அடைச்ச இடம் எல்லாம் காய்ஞ்சு கிடக்கு. எங்க இருந்து வருதுன்னு தெரியல.

மேஸ்திரி மகன், குடியாத்தம் | நவம்பர் 9, காலை 10:45

பாத்ரூமுக்கு நேர் மேல என்ன இருக்கு? தண்ணித் தொட்டி மேடையா? பைப் தளத்துக்குள்ள இறங்கற இடத்தைச் சுத்திப் பாருங்க. ரெண்டு அங்குலத்துக்கு மேல மேடைல நடக்கிறது தேக்கிப் பாத்தா தெரியாது.

ரியாத் ரிட்டர்ன் | நவம்பர் 9, மதியம் 2:10

அங்கதான். பைப்பைச் சுத்தி விரல் நுழையற ஓட்டை, பச்சை வலைக்குக் கால் நட்டப்ப நான்தான் பேத்து விட்டிருக்கேன். 🤦 இப்போதைக்கு தார்ப்பாய் கட்டியிருக்கேன். பாலாத்துல தண்ணி ஓடுதுன்னு ஊரே பாலத்து மேல நின்னு வேடிக்கை பாக்குது, நான் ஏணி மேல நிக்கிறேன்.

சத்துவாச்சாரி மாடிவீட்டுக்காரி | நவம்பர் 9, மதியம் 2:30

2021 நவம்பர்ல பாலாறு ரெண்டு கரையும் தொட்டு ஓடினப்ப எங்க வீட்டுக்காரரும் ஏணி மேலதான் இருந்தாரு. தார்ப்பாயோட ஓரத்துக்குச் செங்கல் வைங்க, காத்துல பறக்கும். அடைக்கிறதை நாலு நாள் வெயில் அடிச்ச பிறகு பாத்துக்கலாம்.

கொசப்பேட்டை பெருசு | நவம்பர் 10, காலை 7:15

தம்பி, அந்தத் தகரப் பேரல் சும்மாதானே கெடக்கு? எம் பொண்ணு வீட்டுக்கு மாசில சுண்ணாம்பு அடிக்கணும். ஆட்டோ எடுத்துகினு வர்றேன்.

ரியாத் ரிட்டர்ன் | நவம்பர் 10, காலை 7:40

வாங்கய்யா, அம்மா வடகம் ஒரு டப்பா எடுத்து வச்சிருக்காங்க. மட்டை மட்டும் புதுசா வாங்கிக்குங்க, பழசை நான் கழுவாம வச்சு கல்லாயிடுச்சு.